போர்டு மாட்டினா பொறுப்பு முடிஞ்சுதா?

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஹூஸ்டனில் இருந்து பெரியப்பா மகன் வந்திருந்தார். அண்ணன் வந்தால் பாட்டி வீட்டில் சிப்பி அவியல் நிச்சயம். குளச்சல் பக்கம் பாறையில் முங்கி எடுத்த சிப்பி, தேங்காய் அரைத்துப் போட்டது. சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் சொன்னார்.

"பாட்டி, அங்க நாங்க இதைப் பச்சையாவே திம்போம். ஐஸ் மேல ஒரு டஜன் அடுக்கி வச்சிருப்பான். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, காரமா ஒரு சாஸ் ஊத்தி, அப்படியே வாயில விட வேண்டியதுதான்."

பாட்டிக்குக் கரண்டி கையில் இருந்து நழுவாத குறை. "அவிக்காமலயா திங்கிய? மக்கா, கடல்ல இருந்து எடுத்தா வெயில் ஏறுறதுக்குள்ள அடுப்புல ஏறணும்லே!"

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காரணம், அண்ணனுக்கு மூணு வருஷமாகச் சர்க்கரை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மெதுவாகக் கேட்டேன், "அண்ணே, சர்க்கரை இருக்கவங்க பச்சையா சாப்பிடலாமா?"

"கடையில எழுதிப் போட்டிருக்கான்லே. மெனு கார்டு அடியில பொடி எழுத்துல. பச்சை சிப்பி சாப்பிட்டா சில பேருக்கு ஆபத்துன்னு. நான் தெரிஞ்சுதான் சாப்பிடறேன். என் இஷ்டம்."

இந்தப் பதில்தான் என்னை ரெண்டு வாரமா அரிச்சுக்கிட்டு இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. பி.காம் படிக்கிறவனுக்குச் சிப்பியில் என்ன வேலைன்னு கேக்காதீங்க. கடைசியில் இது கணக்கு விஷயம்தான். லாபம் யார் கணக்கில் வரவு, உயிர் யார் கணக்கில் பற்று என்கிற கணக்கு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. அண்ணன் சாப்பிடுவது ஆய்ஸ்டர். நம்ம ஊர் பாறைச் சிப்பிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். தண்ணீரை உள்ளே இழுத்து, இரையை வடிகட்டிக்கொண்டு, மீதியை வெளியே விடுவதுதான் இந்த ஜீவனின் முழு நேரத் தொழில். நன்கு வளர்ந்த ஒரு ஆய்ஸ்டர் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் வடிகட்டும். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் அதன் வயிற்றில் சேரும். மீனை நாம் குடல் நீக்கிச் சாப்பிடுகிறோம். இதைக் குடலோடு சேர்த்து, உயிரோடு விழுங்குகிறார்கள். வித்தியாசம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

இன்னொரு வித்தியாசம், இது தண்ணீருக்கு வெளியேயும் பிழைக்கும். ஓட்டை இறுக மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் கடல் நீரை வைத்துக்கொண்டு குளிர்ச்சியில் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். அதற்கு ஒரு பக்குவம் உண்டு. குழிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்நீர் ஒழுகிவிடும். ஈரத்துணி போட்டு மூட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் மூச்சு முட்டிச் சாகும். நல்ல தண்ணீரில் போட்டாலும் சாகும், உப்பு வேண்டும் அதுக்கு. ஐஸ் உருகின தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் அதே கதிதான். வாய் பிளந்து கிடப்பதைத் தட்டிப் பார்த்து, மூடவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டும். இந்தக் கடைசி விதியை எங்க பாட்டி எந்தப் புத்தகமும் படிக்காமல் அறுபது வருஷமாகச் செய்கிறார்.

இது எல்லாம் சரி. ஆனால் இது எல்லாம் 'புதுசா இருக்கா' என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். 'பத்திரமா' என்பது வேற கேள்வி. இந்த ரெண்டையும் ஒண்ணாக்கிக் குழப்பியதில்தான் வியாபாரமே நடக்கிறது.

விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு பாக்டீரியா. காலரா கிருமியின் குடும்பம். சாக்கடை கலந்தால்தான் வரும் என்று நினைக்காதீர்கள். சுத்தமான, வெதுவெதுப்பான, உப்பு குறைந்த கரையோரத் தண்ணீரிலேயே இயற்கையாக வாழும். மெக்சிகோ வளைகுடாவில் கோடை வந்தால் அதற்குத் திருவிழா. அந்த நாட்களில் ஆய்ஸ்டர் தண்ணீரை விட்டு வெளியே வரும்போதே ஒரு கிராம் சதையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆய்ஸ்டருக்கு ஒன்றும் ஆகாது, தட்டினால் ஜோராக வாயை மூடும். வாசனை மாறாது, ருசி மாறாது, நிறம் மாறாது. எலுமிச்சைச் சாறும் கார சாஸும் அதைக் கொல்லாது. கூடக் குடிக்கிற பீரும் கொல்லாது :-)

ஆரோக்கியமான ஆளுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். ஈரல் கெட்டவர், சர்க்கரை நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். ஓரிரு நாளில் காய்ச்சல், நடுக்கம், தோலில் கொப்புளம். அப்படி ரத்தத்தில் கலந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோகிறார்கள். பாதிப் பேர்! ஒரு சாயங்காலச் சாப்பாட்டுக்கு.

சரி, இதைத் தடுக்க வழியே இல்லையா? இருக்கு. அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் வழி குளிர். இதன் உறவுக்காரக் கிருமி விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடத்தி 2002இல் வெளியிட்டார்கள். பிடித்த ஆய்ஸ்டரை 26 டிகிரியில் வைத்தால் 10 மணி நேரத்தில் கிருமி 50 மடங்கு. 24 மணி நேரத்தில் 790 மடங்கு. அதே ஆய்ஸ்டரை 3 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் கிருமி ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. கவனியுங்கள், 26 டிகிரி என்பது நம்ம ஊரில் ஒரு பெரிய வெயிலே இல்லை. படகுத் தட்டில் வெயிலில் கிடக்கும் மூட்டையின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். 'வெயில் ஏறுறதுக்குள்ள' என்று பாட்டி சொன்னது மூடநம்பிக்கை இல்லை, நுண்ணுயிரியல்.

ஆனால் குளிர் வளர்ச்சியை நிறுத்தும், கொஞ்சம் குறைக்கும். ஏற்கனவே ஆயிரக்கணக்கில் இருப்பதைத் துடைத்து எடுக்காது. சுத்தமான கடல் நீர்த் தொட்டியில் ஒன்றிரண்டு நாள் விட்டு வயிற்றைக் காலி செய்ய வைக்கும் முறையும் இருக்கிறது. சாக்கடையில் இருந்து வரும் பாக்டீரியாவுக்கு அது நல்ல வைத்தியம். விப்ரியோ அதற்கு மசியாது, ஆய்ஸ்டரின் உடம்புக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற ஆள் அது.

ஆகவே இரண்டாவது வழி, அறுவடைக்குப் பின் பதப்படுத்துதல். நாலு முறை இருக்கிறது. சுமார் 50 டிகிரி வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து உடனே குளிர்விப்பது. இரண்டாயிரம், மூவாயிரம் வளிமண்டல அழுத்தத்தில் வைத்து அமுக்குவது (இதில் ஓடும் தானாகத் திறந்துகொள்ளும், உரிக்கிற கூலி மிச்சம்). வேகமாக உறைய வைத்துப் பல வாரம் அப்படியே சேமிப்பது. கதிர்வீச்சு கொடுப்பது, இதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2005இல் அனுமதி கொடுத்தது. எதிலுமே ஆய்ஸ்டர் வெந்து போவதில்லை. பச்சையாகவே இருக்கும். கிருமி மட்டும் கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விடும்.

இனிமேல்தான் கதை. ஒரே நாட்டில், ஒரே கடலில் பிடித்த ஆய்ஸ்டரை வைத்து இரண்டு வைத்தியமும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

கலிஃபோர்னியா மாநிலத்தில் 1991இல், வளைகுடா ஆய்ஸ்டர் விற்கும் கடைகள் எச்சரிக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அண்ணன் சொன்ன அதே போர்டுதான். 1991 முதல் 2002 வரை போர்டு தொங்கியது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பச்சை ஆய்ஸ்டரால் மட்டும் வருஷத்துக்கு 0 முதல் 6 பேர் வரை இந்தக் கிருமி தாக்கி, 0 முதல் 5 பேர் வரை இறந்தார்கள். போர்டு பாட்டுக்குத் தொங்கியது, ஆட்கள் பாட்டுக்குச் செத்தார்கள்.

2003 ஏப்ரலில் புது விதி. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை வளைகுடாவில் இருந்து வரும் பச்சை ஆய்ஸ்டர், பதப்படுத்திக் கிருமி நீக்கியதாக இருந்தால் மட்டுமே விற்கலாம். அவ்வளவுதான். பச்சையாகத் தின்னாதே என்று சொல்லவில்லை. குளிர் மாசத்தில் கை வைக்கவில்லை. பசிபிக் கரை ஆய்ஸ்டரைத் தொடவில்லை. 2003 முதல் 2010 வரை அதே கணக்கு என்ன தெரியுமா? தாக்கியது பூஜ்ஜியம். இறந்தது பூஜ்ஜியம். அந்தக் காலத்தில் மற்ற மாநிலங்களில் எண்ணிக்கை குறையவில்லை, லேசாகக் கூடவே செய்தது.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? எந்தக் கம்பெனியாவது ஒரு முதலீட்டில் நஷ்டம் பூஜ்ஜியமானால் அதை எல்லாக் கிளைக்கும் விரிவாக்குமா, மாட்டாதா?

எஃப்.டி.ஏ.வுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. 2009 அக்டோபரில், 2011 கோடையில் இருந்து நாடு முழுக்க இதே விதி வரும் என்று அறிவித்தார்கள். வருஷத்துக்குச் சுமார் 15 சாவு என்பது அப்போது அவர்கள் சொன்ன கணக்கு. வளைகுடா மாநிலங்களில் தொழில்காரர்கள் கொதித்தார்கள், அரசியல்வாதிகள் கூடவே கொதித்தார்கள். நவம்பர் நடுவிலேயே எஃப்.டி.ஏ. 'இன்னும் ஆய்வு தேவை' என்று பின்வாங்கிவிட்டது. ஒரு மாசம் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அதற்கு மாற்றாக நடந்தது இதைவிட வேடிக்கை. மாநில அதிகாரிகளும் தொழிலும் எஃப்.டி.ஏ.வும் சேர்ந்து இருக்கும் ஒரு மாநாட்டு அமைப்பு உண்டு, ஐ.எஸ்.எஸ்.சி. என்று பெயர். நோயை 60 சதவீதம் குறைப்போம் என்று அது ஏற்கனவே இலக்கு வைத்திருந்தது. வழி? மக்களுக்கு விழிப்புணர்வும், குளிர்சாதனக் கட்டுப்பாடும். 2011இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு (நம்ம சி.ஏ.ஜி. மாதிரி) இதைத் தோண்டிப் பார்த்தது. இலக்கை எட்டினோமா என்று அளக்கும் கணக்கில் கலிஃபோர்னியாவையும் சேர்த்திருந்தார்கள்! அங்கே நோய் குறைந்தது பதப்படுத்தும் சட்டத்தால். அந்தக் குறைவை எடுத்து 'விழிப்புணர்வு, குளிர்சாதனம்' என்ற தலைப்பில் வரவு வைத்தால், அந்த வழிகள் உண்மையைவிட நன்றாக வேலை செய்வது போலத் தெரியும் என்று தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது.

எங்க காலேஜில் இதுக்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்திருக்காங்க. விண்டோ டிரெஸ்ஸிங். லாபம் வராத கிளையின் கணக்கை, லாபம் வரும் கிளையோடு கலந்து காட்டுவது. முதல் செமஸ்டரிலேயே மார்க் போகும் விஷயம்.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? நியாயமாகப் பார்ப்போம்.

'விவரம் தெரிந்த ஆள் தன் இஷ்டத்துக்குச் சாப்பிடுகிறான், உனக்கென்ன?' இது அண்ணன் வாதம். தேர்வு என்றால் எதுக்கும் எதுக்கும் நடுவே தேர்வு என்று தெரிய வேண்டாமா? அந்த மெனு கார்டில் 'ஆபத்து' என்று இருக்கிறது. எந்தத் தண்ணீர், எந்த மாசம், எத்தனை மணிக்கு ஐஸில் வைத்தது, பதப்படுத்தியதா இல்லையா, ஒன்றும் இல்லை. பார்த்தும் தெரியாது, முகர்ந்தும் தெரியாது. போதாததற்கு, தன் ஈரல் கெட்டிருப்பதே தெரியாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 'ஈரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்கவும்' என்று போட்டால், தனக்கு இருப்பதே தெரியாதவன் எதைத் தவிர்ப்பான்? விற்பவனிடம் எல்லா விவரமும், வாங்குபவனிடம் ஒரு எச்சரிக்கையும் இருந்தால் அதற்குப் பெயர் சுதந்திரச் சந்தை இல்லைங்க.

'ருசி போய்விடும்.' இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பதப்படுத்திய ஆய்ஸ்டர் பெரும்பாலும் செத்த ஆய்ஸ்டர். உயிரோடு இருப்பதன் துள்ளல் அதில் இல்லை என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். பச்சைப் பால் ருசி பாக்கெட் பாலில் இல்லை என்று எங்க தாத்தாவும் சாகும் வரை சொன்னார். அதுக்காகப் பதப்படுத்தாத பாலைப் பாக்கெட்டில் அடைத்து, 'சிலருக்கு ஆபத்து' என்று பொடி எழுத்தில் போட்டு விற்றால் ஊர் சும்மா இருக்குமா?

'சின்னச் சின்னப் படகுக்காரன் நசுங்கிப் போவான்.' இதுதான் கனமான வாதம். கடற்கரையில் பிறந்தவன் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. அழுத்த இயந்திரத்தின் விலை பெரிய கம்பெனிக்குக் கட்டும், தனி ஆளுக்குக் கட்டாது. நாடு முழுக்க ஒரே நாளில் சட்டம் போட்டால் அத்தனை ஆய்ஸ்டரையும் பதப்படுத்த ஆலைகளும் போதாது. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டு போகிறது என்று பாருங்கள். செலவு அதிகம், ஆகவே செலவே வேண்டாம் என்கிறது. செலவு மறைந்து போகவில்லையே! சாப்பிடுகிறவன் தலையில் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பில்லாக, வெட்டி எடுத்த காலாக, ஒரு வீட்டில் காலியான நாற்காலியாக. சின்ன ஆளைக் காப்பாற்ற வேண்டுமா? துறைமுகத்துக்கு ஒரு பொது ஆலை வையுங்கள், கூட்டுறவாக நடத்துங்கள், அரசு கடன் கொடுக்கட்டும், விலையில் கொஞ்சம் ஏறட்டும். டஜன் கணக்கில் பச்சை ஆய்ஸ்டர் வாங்கித் தின்கிறவன் ஏழை இல்லை. அவன் கொடுப்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு வந்தால் தொழில் அழியும் என்பது சரித்திரத்துக்கே விரோதம். 1924 கடைசியிலும் 1925 தொடக்கத்திலும் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் ஆய்ஸ்டரால் டைஃபாய்டு பரவியது. சுமார் 1,500 பேர் படுத்தார்கள், 150 பேர் இறந்தார்கள். ஜனங்கள் ஆய்ஸ்டர் பக்கமே போகவில்லை. அப்போது தொழில்காரர்களே கட்டுப்பாடு வேண்டும் என்ற பக்கம் நின்றார்கள். 1925இல் அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் இன்றைக்கும் அங்கே இருக்கும் தேசியச் சிப்பி சுகாதாரத் திட்டம். எந்தத் தண்ணீரில் பிடிக்கலாம் என்று வகுப்பது, மூட்டைக்கு மூட்டை எங்கே எப்போது பிடித்தது என்று சீட்டுக் கட்டுவது, அந்தச் சீட்டைக் கடைக்காரர் 90 நாள் பத்திரமாக வைப்பது எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஜனங்களின் நம்பிக்கை திரும்பியது, வியாபாரமும் திரும்பியது. நம்பிக்கை என்பது பேலன்ஸ் ஷீட்டில் எழுதாத சொத்து. அது போன பிறகு எத்தனை போர்டு மாட்டினாலும் வராது.

பதப்படுத்தினால் எல்லா ஆபத்தும் ஒழியும் என்று நான் சொல்லவில்லை. சாக்கடை வழியாக வரும் வைரஸுக்கு முதல் மருந்து சுத்தமான தண்ணீர்தான். பாசியால் வரும் நச்சு, ஐஸிலும் அடங்காது, அடுப்பிலும் அடங்காது. அந்தக் காலத்தில் அந்த இடத்தில் பிடிக்காமல் இருப்பதுதான் வழி. ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு பூட்டு. என் கோபம் எல்லாம் இந்த ஒரு ஆபத்துக்குப் பூட்டும் கையில் இருக்கிறது, சாவியும் கையில் இருக்கிறது, பூட்டிப் பார்த்து ஒரு மாநிலத்தில் பூஜ்ஜியமும் வந்துவிட்டது. பிறகும் கதவில் 'திருடன் ஜாக்கிரதை' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார்களே, அதன் மேல்தான்.

எச்சரிக்கைப் பலகை யாரைக் காப்பாற்றுகிறது? சாப்பிடுகிறவனை இல்லை. விற்கிறவனை. நாளைக்குக் கேஸ் வந்தால் 'நாங்கதான் எழுதிப் போட்டோமே' என்று காட்ட ஒரு காகிதம். நம்ம ஊர் பைக் ஸ்டாண்டில் 'வாகனத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று டோக்கனில் அச்சடித்து, காசையும் வாங்கிக்கொள்வார்களே, அதே ஜாதிதான் இது. அங்கே போனால் பைக். இங்கே போனால் ஆள்.

இதையெல்லாம் அண்ணனுக்கு நீளமாக மெயில் எழுதினேன். பத்து நாள் பதிலே இல்லை. கோபம் போல என்று நினைத்தேன். நேற்று ராத்திரி போன் வந்தது.

"லே, வெள்ளிக்கிழமை போயிருந்தேன். இது எந்தக் கடல், பதப்படுத்துனதான்னு கேட்டேன்."

"என்னண்ணே சொன்னான்?"

"தெரியாதுன்னான். மெனு கார்டு அடியில இருக்கிற பொடி எழுத்தை விரல் வச்சுக் காட்டுனான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பொரிச்சது ஒரு பிளேட் வாங்கிட்டு வந்தேன். பாட்டிகிட்ட சொல்லிராத, ரொம்பத்தான் பீத்திக்குவாங்க."

நான் சொல்லிவிட்டேன் :-)